சாரதி இல்லாத ரதம்

சென்ற தை மாதத்தில் கும்பகோணத்தில் நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணம். சம்பந்திகள் ஒருவரோடொருவர் சுமுகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது நமது நெடுநாளைய கொள்கை. அன்று அது கைகூடவில்லை. நலங்கு, பாட்டு, பட்சணப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக நேரத்தை விழுங்கிவிட்டபடியால், வாடகை மோட்டாரில் ஏறி உட்காரும்போது இரவு மணி பத்தாகிவிட்டது.

டிரைவர் மெதுவாக, "ஸார், ஒரு நாலு மணி நேரம் படுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பலாமா?" என்று கேட்டார். "காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் வேலை இருக்கிறது" என்று கண்டிப்பாகச் சொன்னோம். விக்கிரவாண்டியில் ஒரு கிளாஸ் டீ குடிக்க வேண்டும் என்றார். "திண்டிவனத்தில் ஆகட்டுமே" என்று சொல்லிவிட்டு நாம் கண்களை மூடிக்கொண்டோம். திண்டிவனம் வருவதற்கு முன்பே, சாலையோரத்துச் சரளைக் கற்கள் சக்கரத்தில் அடிபடும் சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தால், விளக்கே இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் நமது முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது! டிரைவரும் அதே நொடியில் விழித்துக்கொண்டார். வண்டியை எப்படித் திருப்பினார் என்பது அவருக்கே தெரியாது.

"கண் அசந்துவிட்டது, ஸார். நேற்று ராத்திரி திருப்பதி ஸவாரி" என்றார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நமக்கு அவரைக் கோபித்துக்கொள்ள வாய் வரவில்லை. அந்த லாரியில் நாம் மோதியிருந்தால் மறுநாள் பத்திரிகைகளில் "டிரைவர் தூங்கியதால் கோர விபத்து" என்று செய்தி வந்திருக்கும். டீ குடிக்க விடாமல் தடுத்த பெரிய மனிதர் யார் என்பது ஒருவருக்கும் தெரிந்திராது.

அன்று முதல், சாரதியே இல்லாமல் தானாக ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நாம் ஒரு வரி விடாமல் படித்து வருகிறோம். தூங்காத டிரைவர், குடிக்காத டிரைவர், கோபித்துக்கொள்ளாத டிரைவர் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இந்த ஆசை புதிது அன்று. 1925-ம் ஆண்டிலேயே நியூயார்க் நகரத்துப் பிராட்வே வீதியில் ஆள் இல்லாத மோட்டார் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். உண்மையில் அதன் பின்னால் இன்னொரு மோட்டார் வந்தது. அதில் இருந்தவர் ரேடியோ அலைகளால் முன் வண்டியைச் செலுத்திக்கொண்டிருந்தார். வைபவம், படம் பிடிக்க வந்த காமிராக்காரர்களின் வண்டியிலேயே அந்த ரதம் போய் மோதியதில் முடிந்தது. பிறகு 2004-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி இலாகா பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து, மொஹாவி பாலைவனத்தில் சுமார் 140 மைல் தூரம் ஆளில்லா வண்டிகளை ஓடவிட்டது. எல்லாவற்றிலும் கெட்டிக்கார வண்டி ஏழரை மைல்கூட முழுசாக ஓடவில்லை. நகைக்காதவர் பாக்கியில்லை. ஆனால் மறு வருஷமே அதே பாலைவனத்தில் ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன! ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் வண்டி முதலாவதாக வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2009-ல் கூகிள் கம்பெனி இதில் இறங்கியது. அதிலிருந்து பிறந்த வேமோ என்னும் கம்பெனி, 2020 முதல் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில், முன் ஆசனத்தில் ஒருவருமே இல்லாத டாக்ஸிகளைப் பொது ஜனங்களுக்கு விட்டு வருகிறது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் 2023 ஆகஸ்டு மாதத்தில், இரவு பகல் எந்நேரமும் கட்டணம் வாங்கி ஓட்ட அனுமதி கிடைத்தது.

இந்த வண்டிகளுக்குக் கண் எங்கே இருக்கிறது? வேமோ வண்டியைப் பார்த்தால், அதன் தலையில் ஒரு குல்லாய் தெரியும். அதற்குள் இருக்கும் லிடார் என்ற கருவி, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளிக் கதிர்களை நாற்புறமும் ஓயாமல் வீசுகிறது. கதிர் எதன்மேலாவது பட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு, அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்கிறது. வௌவால் இருட்டில் பறக்கிற வித்தைதான். அது ஒலியை வீசுகிறது, இது ஒளியை வீசுகிறது. இதோடு ரேடார், பல காமிராக்கள், தெருத் தெருவாக அளந்து வைத்த நகர வரைபடம் எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கின்றன. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியிலும் பலமுறை அனுமானம் செய்கிறது. "இது மனிதன், இது நாய், இந்த மனிதன் இன்னும் சிறிது நேரத்தில் தெருவில் இறங்குவான்" என்பது போல. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பார்களே தர்க்க சாஸ்திரக்காரர்கள், அதே அனுமானந்தான். அனுமானம் சரியானால் பிரயாணம் சுகம். தவறினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். 2022-ம் ஆண்டில் நமது தேசத்துச் சாலைகளில் விபத்துக்களால் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்கிறது. நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல்! விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதல் ஸ்தானம் வகித்த பெருமை நமது தமிழ்நாட்டுக்கே உரியது. இங்கே மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு யுத்தத்தில் இவ்வளவு பேர் மாண்டால் தேசம் கதறும். சாலையில் மாண்டால் ஆறாம் பக்கத்து மூலையில் நான்கு வரி. இவர்களில் பத்தில் ஒருவரையேனும் ஒரு யந்திரம் காப்பாற்றிக் கொடுக்கும் என்றால், "எங்களுக்கு யந்திரமே ஆகாது" என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. 2015-ம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில், கூகிள் கம்பெனி தனது வண்டியில் முதன் முதலாக ஒருவரைத் தன்னந்தனியாக ஏற்றிப் பொதுச் சாலையில் அனுப்பியது. அவர் கண்பார்வை இழந்தவர். பிறர் கையை எதிர்பாராமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவது அவருக்கு எத்தகைய சுதந்திரம் என்பதைக் கண்ணுள்ள நாம் அறிய மாட்டோம். பிள்ளைகளெல்லாம் வெளியூரில் இருக்க, ஆஸ்பத்திரிக்குப் போக அண்டை வீட்டுப் பையனின் சௌகரியத்தைப் பார்த்துக் காத்திருக்கும் முதிய தம்பதிகள் ஒருவேளை அறிவார்கள்.

ஆனால் உயிர்களை உண்மையாகவே காப்பாற்றுகிறதா? வேமோ கம்பெனியின் விஞ்ஞானிகள் 2025 ஜனவரி வரை தங்கள் வண்டிகள் ஓடிய 5 கோடியே 67 லட்சம் மைலைக் கணக்கிட்டு, மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நடந்து செல்வோருக்குக் காயம் விளைவிக்கும் விபத்துக்கள் 92 சதவிகிதம் குறைவு என்கிறார்கள். பிரமாதமான கணக்குத்தான். அது கம்பெனி தானே எழுதிக்கொண்ட கணக்கு என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். எனினும் அதைத் தூக்கி எறிவதற்கில்லை. உயிர்ச் சேதத்தைப் பற்றிய மட்டில், இந்த மைல் போதாது என்பதே நமது அபிப்பிராயம். அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போதே சுமார் எட்டுக் கோடி மைலுக்கு ஒரு மரணந்தான் நேருகிறது. யந்திரம் அதைவிட மோசம் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல, ஒரு மரணமும் இல்லாமல் 27½ கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் ஸ்தாபனத்தார் 2016-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவரையில் பொறுமை வேண்டும்.

இந்த விஷயத்தில் கம்பெனிகள் அடிக்கடி எடுத்து வீசும் இன்னொரு எண் 94. "விபத்துக்களில் 94 சதவிகிதத்துக்குக் காரணம் டிரைவரின் பிழை, ஆகவே டிரைவரை எடுத்துவிட்டால் விபத்தும் போய்விடும்" என்பது அவர்கள் வாதம். அமெரிக்கச் சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2015-ல் வெளியிட்ட குறிப்பிலிருந்து அந்த எண்ணை எடுத்திருக்கிறார்கள். அதே குறிப்பில், இது விபத்துக்கு முந்திய சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் சொல்வது, குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவதன்று, என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. விக்கிரவாண்டிச் சாலையில் கடைசிக் கண்ணி டிரைவரின் தூக்கம். அதற்கு முந்திய கண்ணி, பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த நாம். அதற்கும் முந்தியது, முதல் நாள் இரவு அவரைத் திருப்பதிக்கு அனுப்பிய வாடகைக் கார் முதலாளி. விளக்கில்லாத லாரி வேறு. டிரைவரை எடுத்துவிட்டால் கடைசிக் கண்ணி போகும். மற்றவை எங்கே போகும்?

2018 மார்ச்சு மாதம் 18-ந் தேதி இரவு, அரிஸோனாவில் டெம்பி என்னும் ஊரில் ஒரு ஸ்திரீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஊபர் கம்பெனி சோதனைக்காக ஓட்டி வந்த தானியங்கி வண்டி மோதி அவள் இறந்துபோனாள். முற்றிலும் தானே ஓடும் வண்டியால் நடந்து செல்பவர் ஒருவர் மாண்டது அதுவே முதல் தடவை. விசாரணையில் தெரிந்தவை ஆச்சரியமானவை. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே வண்டியின் கருவிகள் அவளைக் கண்டுவிட்டன. கண்டு என்ன பயன்? வாகனம் என்றது, ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. மனிதப் பிறவி என்று மட்டும் கடைசி வரையில் சொல்லவில்லை. ஏனென்றால், கோடு போட்ட இடத்தைத் தவிர வேறு இடத்தில் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதையே அந்த யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை! வண்டியைச் செய்தவர்கள் பொருத்தியிருந்த அவசர பிரேக்கையும், இரண்டும் ஒன்றோடொன்று மோதக் கூடாதென்று, ஓட்டத்தின்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். வண்டிக்குள் கண்காணிப்புக்காக ஓர் ஊழியர் இருந்தார். அவர் கைப்போனில் ஏதோ நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களுக்கு முன்பு வரை ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். கம்பெனி அதை ஒன்றாகக் குறைத்திருந்தது.

முடிவு என்ன? 2019-ல், கம்பெனியின் மீது கிரிமினல் குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை என்று சர்க்கார் வக்கீல் அறிவித்தார். வண்டிக்குள் இருந்த ஊழியர் மீது வழக்கு நடந்தது. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். கைப்போன் பார்த்தது குற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் மணிக் கணக்காக ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனை, ஐந்தரை விநாடிக்குள் விழித்துக்கொண்டு உயிரைக் காப்பாற்று என்று சொல்கிற ஏற்பாட்டைச் செய்தது யார்?

நமது தேசத்தில் தெரியாதவர் இல்லாத சாலை விபத்துக் கதை ஒன்று உண்டு. திருவாரூர் வீதியில் இளவரசன் ஏறிச் சென்ற தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழனின் மந்திரிகள் சமாதானங்கள் பல சொன்னார்கள். கன்று தானாகவே குறுக்கே பாய்ந்தது என்பதும் அவற்றில் சேர்ந்ததே. சமாதானங்களை அரசன் ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்பதைப் பற்றி நாம் இங்கே வாதாட வரவில்லை. நமக்கு வேண்டியது அந்த மணி. விபத்து நடந்தால் அரண்மனைக்குக் கேட்கும்படி அடிக்க ஒரு மணி இருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

அமெரிக்காவிலும் அப்படி ஒரு மணி கட்டியிருக்கிறார்கள். தானியங்கி வண்டிகள் சம்பந்தப்பட்ட விபத்துக்களைக் கம்பெனிகள் தாமே சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும் என்று 2021-ல் உத்தரவு பிறந்தது. 2023 அக்டோபர் 2-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில், மனிதர் ஓட்டிய மோட்டார் ஒன்று ஒரு ஸ்திரீயை மோதித் தூக்கி எறிந்தது. அவள் க்ரூஸ் என்னும் கம்பெனியின் ஆளில்லா டாக்ஸிக்கு முன்னால் வந்து விழுந்தாள். டாக்ஸி அவள்மீது மோதி நின்றது. இதுவரையில் யந்திரத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பிறகுதான் விபரீதம். விபத்து நடந்தால் சாலையோரம் ஒதுங்க வேண்டும் என்று அதற்குக் கற்பித்திருந்தார்கள். கற்பித்தபடியே, அடியில் அகப்பட்டிருந்த அவளைச் சுமார் இருபது அடி தூரம் இழுத்துக்கொண்டு ஒதுங்கியது! எந்தக் குடிகார டிரைவரும், கீழே கிடந்து கதறும் மனிதக் குரலைக் கேட்டு நின்றிருப்பான். நல்ல வேளையாக அவள் உயிர் பிழைத்தாள்.

கம்பெனி சர்க்காருக்கு முதலில் கொடுத்த அறிக்கையில் இழுத்துச் சென்ற சமாசாரமே இல்லை. மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிட்டார்கள். விஷயம் வெளிவந்ததும் கலிபோர்னியா மாகாணத்தார் அந்த மாதமே அனுமதியை நிறுத்தினார்கள். கம்பெனித் தலைவர் ராஜினாமாச் செய்தார். பொய் அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் கம்பெனி ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், அடுத்த மாதம் அந்த டாக்ஸி முயற்சியையே கைவிட்டது. யந்திரம் செய்த பிழையைத் திருத்தியிருக்கலாம். மனிதர்கள் அதை மறைத்ததனால் கம்பெனியே முழுகிற்று.

இந்தப் பாடத்தை இங்கிலாந்து தேசத்தார் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. 2024-ல் அவர்கள் செய்த சட்டத்தின்படி, வண்டி தானே ஓடும் சமயத்தில் ஓட்டத்தில் ஏற்படும் குற்றத்துக்கு உள்ளே இருப்பவர் பொறுப்பாளி அல்லர். வண்டிக்கு அனுமதி வாங்கிய ஸ்தாபனமே பதில் சொல்ல வேண்டும். டெஸ்லா போன்ற வண்டிகளில் உள்ள பாதித் தானியங்கி முறையின் கதி வேறு. அங்கே யந்திரம் ஓட்டும், மனிதன் விழித்திருக்க வேண்டும். பிளாரிடாவில் 2019-ல் நடந்த ஒரு மரணத்தில், மூன்றில் இரண்டு பங்கு பொறுப்பு டிரைவருக்கு, மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு என்று 2025 ஆகஸ்டில் மயாமி நகரத்து ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனி அப்பீல் செய்வதாக அறிவித்தது. வண்டி யாரைக் கொல்லலாம், கிழவரையா குழந்தையையா என்று சில தத்துவ சாஸ்திரிகள் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திண்ணைக்கு நல்ல பொழுதுபோக்கு. கோர்ட்டில் வந்து நிற்பதெல்லாம் இந்தப் பங்குக் கணக்குத்தான்.

நமது நாட்டில் இந்த வண்டிகள் வருமா? மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி 2017-லும், மறுபடி 2023-லும், டிரைவர்களின் பிழைப்புப் போய்விடும், ஆகையால் அனுமதிக்க மாட்டேன் என்று சொன்னார். பிழைப்பைப் பற்றிய அந்தக் கவலையை நாம் லேசாக நினைக்கவில்லை. நமது பட்டணங்களில், ஊரிலே நிலமும் இல்லாமல் பள்ளிக்கூடப் படிப்பும் முடியாமல் வந்த பிள்ளைகளுக்கு, லைசென்ஸ் ஒன்று கிடைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கிறது. அதே சமயத்தில் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் 2022-ம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு சோதனைத் திடல் இருக்கிறது. டில்லியில் 2020 முதல் மெட்ரோ ரயில் ஒரு பாதையில் டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் ரயில் பாதையில் எருமை வராது, எதிர்த் திசையில் ஸ்கூட்டர் வராது, ஊர்வலமும் வராது. கோடு போட்ட இடத்தில் மட்டும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்று நம்பிய யந்திரத்தைத் தாம்பரத்தில் கொண்டு வந்து விட்டால் அதன் கதியும் நமது கதியும் என்ன ஆகும்? அமெரிக்காவில் உயிரைக் குடித்த அந்தத் தப்பான அனுமானம், இங்கே அடிக்கு ஒரு தடவை நேரும்.

சென்ற வாரம் விழுப்புரம் பக்கம் போக வேண்டியிருந்தது. அதே டிரைவர் வந்தார். இந்தக் கதையெல்லாம் அவருக்குச் சொன்னோம். கவனமாகக் கேட்டார்.

"அந்த வண்டிக்குத் தூக்கமே வராதா, ஸார்?"

"வராது."

"வேகமாகப் போ, நேரமாகிறது என்று சொன்னால் கேட்குமா?"

சிறிது யோசிக்க வேண்டியிருந்தது. "உள்ளே உட்காருகிறவர் சொன்னால் கேட்காது. வண்டியை விடுகிற கம்பெனிக்காரர் ஏற்பாடு செய்து வைத்தால் கேட்கும்" என்றோம்.

"ஓகோ! அதற்கும் முதலாளி உண்டு" என்று சொல்லி அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

டீக்கடை ஒன்று தெரிந்தது. அவர் கேட்பதற்கு முன்னால், "வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்" என்று நாமே சொன்னோம்.